டிரைவரை யாரும் கேட்கவில்லை

"எங்க இருந்து ஆரம்பிக்கிறீங்க?"

எதைக் கேட்டாலும் சார் முதலில் இதைத்தான் திருப்பிக் கேட்பார். கேட்டவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்குப் பல முறை வந்திருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல், இரண்டாவது மாடியில் எங்கள் டியூஷன் சென்டர் இருந்தது. நான் அங்கே வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தேன். போன் எடுப்பது, நோட்ஸ் நகல் எடுப்பது, வகுப்பு நடக்கும்போது வெளியே கத்தும் பிள்ளைகளை அதட்டுவது எல்லாம் என் வேலை. என் மேசைக்கும் சாரின் வகுப்புக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் அவர் தும்மினால் இந்தப் பக்கம் என் காலண்டர் ஆடும். அதனால் முதல் உலகப் போரை வேண்டியோ வேண்டாமலோ வருடா வருடம் கேட்டேன். ஏ-லெவல் ஹிஸ்டரி படித்த பிள்ளைகள்கூட என்னளவுக்குக் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் பரீட்சை எழுதிவிட்டுப் போய்விடுவார்கள், நான் எங்கே போவது?

அவர் பெயரை எழுதப் போவதில்லை. பிள்ளைகளுக்கு அவர் ஹிஸ்டரி சார், எனக்கு வெறும் சார். ஒல்லியான உயரமான ஆள். அரைக்கைச் சட்டைப் பையில் மூன்று மார்க்கர் பேனா இருக்கும். அதில் ஒன்று காய்ந்துபோனது. தினமும் முதலில் அதைத்தான் எடுத்துப் பலகையில் இழுத்துப் பார்ப்பார். எழுதாது. மறுபடி பையிலேயே போட்டுக்கொள்வார். "தூக்கிப் போடுங்க சார்" என்று நான் சொன்னதற்கு, "நேத்து எழுதலங்கிறதுக்காக இன்னிக்கும் எழுதாதுன்னு சொல்லிட முடியுமா?" என்றார். இப்படிப்பட்ட மனிதர். கீழே கோப்பிக் கடையில் பாலும் சர்க்கரையும் போடாத கோப்பி ஓ ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கி வருவார். அதை வகுப்புக் கதவின் கைப்பிடியில் மாட்டி வைத்துவிட்டு மறந்துபோவார். ஆறி அவலாய்ப் போனதை நான்தான் பார்த்து நினைவூட்ட வேண்டும்.

வகுப்பு எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்கும். பலகையில் ஜெர்மனி, ஆஸ்திரியா, ரஷ்யா, செர்பியா, பிரான்ஸ், இங்கிலாந்து என்று வட்டமாக எழுதுவார். "ஓகே, இந்தப் போருக்கு யாரு காரணம்?" என்பார். பாடம் ஆங்கிலத்தில்தான். ஆனால் சூடு ஏறினால் சாருக்கும் பிள்ளைகளுக்கும் தமிழ் வந்துவிடும்.

"ஜெர்மனி லா சார்!"

"ஏன்?"

பிள்ளைகள் காரணம் சொல்வார்கள். சார் அந்தக் காரணத்தைப் பிரித்து மேய்ந்துவிட்டு ஜெர்மனியின் வக்கீலாக மாறிவிடுவார். அப்புறம் ஒருவன் ரஷ்யா என்பான். ரஷ்யாவுக்கும் வக்காலத்து வாங்குவார். மணி அடிக்கும் நேரத்தில் பலகையில் எல்லா நாடுகளும் வட்டமிடப்பட்டு, அடிக்கப்பட்டு, மறுபடி வட்டமிடப்பட்டு, பார்க்கவே கண் கூசும்.

"அப்ப யாருதான் சார்? சொல்லுங்க, எழுதிக்கிறோம்."

"இன்னும் எழுதாதீங்க" என்பார் சார்.

போர் முடிந்ததும் ஜெயித்தவர்கள் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டார்களாம், ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும்தான் பொறுப்பு என்று. கொஞ்ச காலம் கழித்து வந்த ஆய்வாளர்கள், ஒருத்தர் தலையில் மட்டும் கட்ட முடியாது, எல்லாரும் சேர்ந்துதான் சறுக்கி விழுந்தார்கள் என்றார்கள். பிறகு ஜெர்மனியிலேயே ஒருவர் கிளம்பி, இல்லை, நம் நாட்டின் மேல்தான் பெரிய தப்பு என்று எழுத, சொந்த ஊர்க்காரர்களே அவரைக் காய்ச்சி எடுத்தார்கள். அதற்கும் பின்னால் வந்தவர்கள் ரஷ்யா ஏன் அவ்வளவு அவசரமாகப் படை திரட்டியது, ஆஸ்திரியா ஏன் அப்படி முறுக்கிக்கொண்டு நின்றது, இங்கிலாந்து ஏன் கடைசி வரை மழுப்பியது என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் சண்டை ஓயவில்லை.

"எல்லாரும் ஒரே கடிதங்களைத்தான் படிக்கிறாங்க" என்பார் சார். "ஆனா எங்க ஆரம்பிக்கிறாங்கன்னு பாருங்க. துப்பாக்கி வெடிச்சதுல ஆரம்பிச்சா சுட்டவன் மேல பழி. ஒரு மாசம் தள்ளி ஆரம்பிச்சா ஆஸ்திரியா மேல. நாப்பது வருஷம் முன்னாடி போனா ஒவ்வொருத்தன் கையிலயும் தீப்பெட்டி இருக்கு. ஆரம்பிக்கிற எடத்த முடிவு பண்ணிட்டா பழி யாருக்குங்கிறதும் முடிவாயிடுது."

கடைசியில் டிரைவர் கதை வரும். அதற்காகவே நான் போனைக்கூட எடுக்காமல் காத்திருப்பேன். சராயேவோ நகரத்தில் ஆஸ்திரிய இளவரசர் காரில் போகிறார். காலையிலேயே ஒரு குண்டு வீச்சில் தப்பித்தாகிவிட்டது. ஆகவே போகும் வழியை மாற்ற வேண்டும், ஆற்றோரச் சாலையிலேயே நேராகப் போகலாம் என்று பெரியவர்கள் பேசி முடிவெடுத்தார்கள். முடிவெடுத்தவர்கள் டிரைவரிடம் சொல்லவில்லை. அவர் பழைய திட்டப்படி வலது பக்கம் திரும்பினார். தப்பான வழி என்று பின்னாலிருந்து கத்தினார்கள். வண்டியை நிறுத்தினார். நிறுத்திய இடத்தில், துப்பாக்கி வைத்திருந்தவன் நின்றுகொண்டிருந்தான்.

"அப்ப டிரைவர் மேலதான் சார் தப்பு!" என்று யாராவது ஒருவன் கட்டாயம் கத்துவான். வகுப்பே சிரிக்கும்.

"டேய், அவர யாராச்சும் கேட்டாங்களாடா?" என்பார் சார். "எவ்வளவு பேரு எவ்வளவு எழுதினாங்க. ஏன்யா திரும்பினே, உங்கிட்ட என்ன சொன்னாங்கன்னு டிரைவர முதல்ல கேக்கணும் இல்லையா?"

எனக்குத் தெரிந்து அவர் குரல் உயரும் ஒரே இடம் அதுதான்.

என் விவாகரத்து வழக்கு நடந்த வருடம் ஒரு மத்தியானம் ஆற்றாமை தாங்காமல் அவரிடமே கேட்டுவிட்டேன். "நீங்களே சொல்லுங்க சார், யாரு மேல தப்பு?"

"எந்த வருஷத்துல இருந்து பாக்கணும்மா?"

"கல்யாணம் ஆன அன்னிலேருந்து!"

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி அந்தாள எனக்குத் தெரியவே தெரியாது சார்!"

"அதான். அவரக் கேட்டா வேற வருஷம் சொல்லுவாரு."

எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கோப்பிப் பையைப் பிடுங்கி அவர் தலையில் ஊற்றியிருப்பேன். அவரோடு பேச்சை நிறுத்திவிட்டேன். அவர் மனைவி வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய்விட்டு சென்டருக்கு வருவார். குண்டாக, காது கொஞ்சம் மந்தமாக, வாய் நிறையச் சிரிப்போடு இருக்கும் அக்கா. சங்கதி தெரிந்ததும் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அவரு கெடக்காரு விடும்மா. சாம்பார்ல உப்பு இருக்கான்னு கேட்டா ரெண்டு பக்கமும் பேசுற ஆளு. நான் சொல்றேன், உன் புருஷன் மேலதான் தப்பு." நான் அங்கேயே அழுதுவிட்டேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அத்தனை நாள் அலைந்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

சாருக்குச் சாவியைக் கொடுத்தால் தொலைத்துவிடுவார். அதனால் வீட்டுச் சாவி எப்போதும் அக்காவிடம்தான் இருக்கும். அவர்கள் வீடு எங்கள் அடுக்குமாடி புளோக்கில் மூன்றாவது மாடி, என்னுடையது நான்காவது. அக்கா வெளியே போயிருந்தால் சார் படியில் உட்கார்ந்து பேப்பர் திருத்திக்கொண்டிருப்பார். "மேல வாங்க சார், ஒரு தேத்தண்ணி குடிங்க" என்பேன். "வேணாம்மா, இதோ வந்துருவா" என்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். கிள்ளானைத் தாண்டி, காப்பாரில் அக்காவின் தமக்கை வீட்டில் ஒரு நிச்சயதார்த்தம். கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் இஞ்சினியராக இருந்த அவர்கள் மகன் அக்காவைக் காரில் கூட்டிக்கொண்டு போயிருந்தான். சாருக்கு எக்ஸ்ட்ரா கிளாஸ், போகவில்லை. நான் மாடியேறும்போது போனில் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டினார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

காப்பாரில் பெரிய சாலையிலிருந்து ஒரு சின்ன ரோட்டுக்கு வலது பக்கம் திரும்பும்போது எதிரே வந்த லோரி கார் மேல் ஏறிவிட்டது. இடது பக்கம் உட்கார்ந்திருந்த அக்கா அங்கேயே போய்விட்டார். மகனுக்கு வலது கை மட்டும் முறிந்தது.

அவன் இடது கையால்தான் அம்மாவுக்குக் கொள்ளி வைத்தான்.

சாவு வீட்டில் பழி போட ஆள் கிடைக்காமலா போகும்? காப்பார் பெரியம்மா, அதாவது அக்காவின் தமக்கை, கூடத்தில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களிடமெல்லாம் அழுது அழுது சொன்னார். "சாயங்காலம் ராகு காலம், முடிஞ்சோன்ன போலாம்னு எவ்வளவோ சொன்னேன். தம்பிக்கு வேல இருக்குக்கா, கெளம்புறோம்னுட்டா. இவனுக்கு அப்படி என்ன வேல? சரி, கெளம்பினான். அந்த ரோட்டுக்கு எதுக்குத் திரும்பினான்? அது கிள்ளானுக்குப் போற வழியா? எங்க போனான் அம்மாவ வச்சுக்கிட்டு?"

யாரோ அவனுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் சிநேகிதி இருக்கிறாள் என்றார்கள். யாரோ போன் பார்த்துக்கொண்டே ஓட்டினான் என்றார்கள். அவன் கட்டுப் போட்ட கையோடு சுவரோரம் நின்றான். எதற்கும் வாய் திறக்கவில்லை. சாரும் திறக்கவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மூன்று வாரம் கழித்து சார் வகுப்புக்கு வந்தார். காய்ந்த மார்க்கரை இழுத்துப் பார்த்தார். நாடுகளை வட்டமாக எழுதினார். எல்லாம் முன்பு போலத்தான் நடந்தது. நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் டிரைவர் கதைக்காகக் காத்திருந்தேன். சார் காலைக் குண்டிலிருந்து நேரே துப்பாக்கிச் சூட்டுக்குப் போய்விட்டார். நடுவில் கார் இல்லை, தெருமுனை இல்லை. விளையாட்டுப் பிள்ளை ஒருத்தி, "சார், டிரைவர் ரோங் டர்ன் எடுத்தாராமே, சீனியர்ஸ் சொன்னாங்க" என்றாள். சார் பலகையைத் துடைத்தார். பிறகு, "அது பரீட்சைக்கு வராதும்மா" என்றார். அந்த வருடம் மட்டுமல்ல, அடுத்த வருடமும் அந்த டிரைவர் வரவேயில்லை.

மகன் வெளிநாட்டு வேலைக்காகப் பெர்த்துக்குப் போனது கை கூடிய பிறகு. போவதற்கு முன்னால் அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறான். அதை சார்தான் என்னிடம் சொன்னார். வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகு, கதவில் தொங்கிய கோப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"என் மேல தப்புன்னு நெனைக்கிறீங்களாப்பான்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இந்த மாதிரி விஷயத்துக்கு ஒரே காரணம்னு சொல்ல முடியாதுடா, மழ இருக்கு, லோரி இருக்கு, ரோட்டு வளைவு இருக்குன்னு..." என்று இழுத்தார். "நான் உண்மையத்தானேம்மா சொன்னேன்?"

"ஏன் சார், அவன் என்ன உங்ககிட்ட ஏ-லெவல் படிக்கவா வந்தான்? இல்லடான்னு ஒரு வார்த்த சொன்னா உங்க நாக்கு தேய்ஞ்சிடுமா? அந்தப் பெரியம்மா ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்குது. பெத்த அப்பன் வாயத் தொறந்தா அது அடங்கிடும்ல?"

சார் கோப்பிப் பையின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு அவிழவில்லை.

"இல்லடான்னு சொன்னா, அப்ப யாருன்னு கேப்பான்மா."

"கேட்டா கேக்கட்டுமே!"

"நான்தாம்மா கெளம்பச் சொன்னேன்." என்னைப் பார்க்காமல் பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சாவி இல்லாம படியில உக்காந்திருந்தேன். போன் பண்ணினேன். ராகு காலம் முடியட்டுங்கன்னா. ராகுவாவது கேதுவாவது, இங்க ஒருத்தன் நாய் மாதிரி படியில கெடக்குறேன், ஒடனே கெளம்புன்னு கத்தினேன். அவ அக்காகிட்ட என்னைய விட்டுக் குடுக்க மாட்டா. அதான் தம்பிக்கு வேலன்னு சொல்லிட்டு வந்திருக்கா. அதுலேருந்து ஆரம்பிச்சா..."

இத்தனை வருடம் அவர் எல்லாரிடமும் கேட்ட கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

"போன் போட்டு அவன்கிட்ட சொல்லுங்க சார்" என்றேன். இந்த முறை அதட்டாமல் சொன்னேன்.

"சொல்லணும்" என்றார்.

சொல்லவில்லை. ஒவ்வொரு முறை நான் கேட்கும்போதும், "இந்த வாரம் சொல்றேம்மா" என்பார். மகன் வாரம் ஒருமுறை கூப்பிடுவான். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், அங்க குளிரா, குளிர்தான், அவ்வளவுதான் பேச்சு. சார் அந்த வீட்டில் தனியாக இருந்தார். இப்போது சாவியை ஒரு கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தார். சட்டைக்குள் அது தொங்குவது தெரியும். ஒரு முறைகூடத் தொலைக்கவில்லை. சாயங்காலம் நான் மாடியேறும்போது உள்ளே டிவி ஓடும். ஏதோ ஒரு சீரியல், அக்கா பார்த்துக்கொண்டிருந்தது. சார் சீரியல் பார்க்கிற ஆள் இல்லை.

மூன்றாம் வருடத் திதிக்கு மகன் வந்திருந்தான். வீட்டில் பெண்பிள்ளை யாரும் இல்லை என்று நான் போய்ச் சமையலுக்கு நின்றேன். ஐயர் வந்து பிண்டம் வைத்து முடிந்தது. இலை போட்டுச் சாப்பிட்டார்கள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மகனுக்கு அன்று மாலையே விமானம். பெட்டி கதவோரம் நின்றது. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு நடந்தே போய் விமான நிலைய ரயிலைப் பிடிக்கப்போகிறான்.

காப்பார் பெரியம்மா கடைசியாகக் கிளம்பினார். செருப்பு மாட்டும்போது படத்தைத் திரும்பிப் பார்த்தார். உடனே அழுகை வந்துவிட்டது. "மகராசி, நல்லா இருந்தவ. ஒரு அர மணி நேரம் பொறுத்திருந்தா... இவன் அவசரம், இவன் போன வழி..."

மகன் குனிந்து பெட்டியின் ஜிப்பைச் சரிசெய்வதுபோல நின்றான். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. நான் சாரைப் பார்த்தேன். இன்றைக்கும் இந்த மனிதர் சும்மா இருந்தால் நானே போட்டு உடைத்துவிடுவேன் என்று கரண்டியோடு கூடத்துக்கு வந்து நின்றேன்.

"அக்கா, கொஞ்சம் உக்காருங்க" என்றார் சார்.

"நேரமாச்சு..."

"உக்காருங்க. நீங்க தப்பான எடத்துல ஆரம்பிக்கிறீங்க." குரல் வகுப்பில் கேட்பது போல இருந்தது, ஆனால் கை நாற்காலியைப் பிடித்திருந்தது. "இது உங்க வீட்டுல ஆரம்பிக்கல. இங்க, கீழ படியில ஆரம்பிச்சது. சாவி இல்லாம உக்காந்திருந்தது நான். போன் பண்ணி ஒடனே கெளம்புன்னு கத்தினது நான். அவனுக்கு ஒரு வேலயும் இல்ல. அவ எனக்காகப் பொய் சொன்னா. மூணு வருஷமா நானும் அந்தப் பொய்ய வச்சுக்கிட்டு இருந்துட்டேன்."

பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். சார் மகன் பக்கம் திரும்பினார். "உங்கிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கணும்டா."

மகன் நிமிர்ந்தான். "தெரியும்பா."

"என்ன தெரியும்?"

"நீங்க போன் பண்ணும்போது நான் அம்மா பக்கத்துலதானே நின்னேன், பெரியம்மா வீட்டு அடுப்படியில. அம்மா எப்பவும் ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவாங்க. எல்லாம் கேட்டேன்."

"கேட்டுட்டா இவ்வளவு நாள்..."

"சொன்னா உங்கள ஏசுவாங்க. நீங்க தனியா இருக்கீங்க. நான் அங்க தூரமா இருக்கேன். எனக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல."

பெரியம்மாதான் மூக்கைச் சிந்திவிட்டு மெல்லக் கேட்டார். "சரிடா கண்ணு. அப்ப அந்த ரோட்டுக்கு எதுக்குத்தான் திரும்பின?"

அவன் சாவு வீட்டில் நின்ற அதே மாதிரி நின்றான். சார் அவனையே பார்த்தார். அந்த நேரத்தில் அவருக்கு ஏதோ உறைத்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. நாற்காலியை விட்டுவிட்டு அவன் அருகே போனார்.

"நான் கேக்கவே இல்லையேடா" என்றார். "நான்தானே மொதல்ல கேட்டிருக்கணும். ஏன் திரும்பின? அம்மா என்ன சொன்னா?"

மகன் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். "படியிலயே உக்காந்திருக்காரு மனுஷன், மத்தியானத்துலேருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டாரு, இந்த ரோட்டுல உள்ள ஒரு ஸ்டால்ல சூடா வாழைப்பழம் பொரிச்சு பீசாங் கோரெங் போடுவாங்க, வாங்கிட்டுப் போலாம், திரும்புடான்னாங்க. மழையா இருக்கேம்மா, கிள்ளான்ல வாங்கிக்கலாம்னேன். இங்க போடுற வாழைப்பழந்தான் உங்கப்பாவுக்குப் புடிக்கும்னாங்க." ஒரு மூச்சு விட்டான். "சரிம்மான்னு திரும்பினேன்."

பெரியம்மா சத்தம் போட்டு அழுதார்.

"அத எப்படிப்பா வெளிய சொல்றது?" என்றான் மகன். "சொன்னா அம்மா மேல போடுவாங்க. இல்லாட்டி உங்க மேல. ஓட்டினவன் மேலயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

நான் கரண்டியை எங்கே வைத்தேன் என்று எனக்குத் தெரியாது. சாரின் முகத்தைப் பார்க்க முடியாமல் அக்காவின் படத்தைப் பார்த்தேன். சாம்பாரில் உப்பு இருக்கா என்று கேட்டால்கூட இரண்டு பக்கமும் பேசுகிற ஆள் என்று அந்த அக்கா சொன்னதும் எனக்குத் தீர்ப்புச் சொன்னதும் ஞாபகம் வந்தது.

சார் மகனின் வலது கையைப் பிடித்தார். முறிந்து கூடிய கை, முழங்கைக்கு மேல் இன்னும் லேசாகக் கோணியிருக்கும்.

"உன் மேல தப்பில்லடா" என்றார்.

மகன் காத்துக்கொண்டிருந்தான். நானும் காத்துக்கொண்டிருந்தேன். அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும், அந்த மாதிரி வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு 'ஆனா' வரும், மழை வரும், லோரி வரும், நாற்பது வருடத்துக்கு முந்தைய கதை வரும். ஒன்றும் வரவில்லை.

"எழுதிக்கோ" என்றார் சார்.

ஸ்டேஷன் வரைக்கும் அவரே பெட்டியை இழுத்துக்கொண்டு போனார். அவன் வேண்டாம் வேண்டாம் என்று கூடவே நடந்தான். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். பூக்கடைகளைத் தாண்டி, பாலத்துப் பக்கம் திரும்பும்வரை இரண்டு பேரும் சேர்ந்தே நடந்தார்கள்.

அதன் பிறகு வகுப்பில் டிரைவர் திரும்பி வந்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். "அவர யாராச்சும் கேட்டாங்களாடா?" என்று சார் கேட்டபோது, முன்பு போலக் குரல் உயரவில்லை. இப்போது சென்டரும் இல்லை. அந்த வகுப்பறையில் கைப்பேசி பழுதுபார்க்கிறார்கள். சாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்கு அவரை நினைத்தால் வகுப்பறை நினைவுக்கு வருவதில்லை, அந்தத் திதி நாளின் சாயங்காலம்தான் வருகிறது.

பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, குப்பைப் பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். சார் திரும்பி வந்திருந்தார். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே அவர் வழக்கமாக உட்காரும் படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு காகிதப் பொட்டலம். வழியில் வாங்கியிருக்கிறார். எண்ணெய் ஊறி, சூடு இன்னும் போகாத பீசாங் கோரெங். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"என்ன சார் இங்க உக்காந்துட்டீங்க? சாவி இல்லையா?"

சட்டைக்குள் கைவிட்டுக் கயிற்றை இழுத்துக் காட்டினார். சாவி இருந்தது.

"இருக்கும்மா" என்றார். "நீ போ. நான் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வரேன்."